சில்லறைக்குள் பிழைப் பென்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நம்மவர்கள் வீட்டில் எப்படியும் ஒரு ஜாடி நிறையப் பென்னி இருக்கும். யாரும் அதைச் செலவழிப்பதில்லை, தூக்கிப்போடவும் மனசு வராது. நான் அதையெல்லாம் மேசையில் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்க்கிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து தமிழ்ப் பள்ளி வாசலில், பொட்லக் விருந்தில், வாட்ஸ்அப்பில் எங்கேயும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசைப் பற்றி மட்டும்தான் பேச்சு. டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) எல்லாம் தனிக் கதை.

எரர் காயின்னா என்ன? அடிபட்டு நசுங்கின காசும் எரர்தானே?

இல்லை. காசு நாணயச்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதில் இருந்த கோளாறுதான் எரர். வெளியே வந்த பிறகு கார் ஏறி நசுங்கியது, துணி உலர்த்தும் இயந்திரத்தில் மாட்டி ஓரம் சுருண்டது, யாரோ ஆணியால் கீறியது எல்லாம் வெறும் சேதம். அதற்கு ஒரு சென்ட்தான் மதிப்பு.

ஒரு பென்னி மூன்று இடங்களில் கெட்டுப்போகலாம். முதலாவது வில்லை, அதாவது படம் பதியாத வெறும் உலோகத் தட்டு: அது தப்பான உலோகமாக இருக்கலாம், ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். இரண்டாவது அச்சு: அச்சிலேயே எழுத்து இரட்டையாகப் பதிந்திருந்தால் அது அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அந்த இரட்டிப்பு வரும். மூன்றாவது, அடிக்கும் கணம்: வில்லை சரியாக உட்காராவிட்டால் படம் ஒரு பக்கமாக நகர்ந்து விழும். கையில் விசித்திரமான பென்னி கிடைத்தால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: இந்த மூன்றில் எந்த இடத்தில் இது நடந்திருக்க முடியும்? எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்றால் அது பெரும்பாலும் சேதம்தான்.

நிஜமாவே சில்லறையில கிடைக்குமா, இல்ல எல்லாம் யூடியூப் கதையா?

கிடைத்திருக்கிறது. 1947இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிட்ஸ்ஃபீல்டில் டான் லூட்ஸ் என்ற பள்ளி மாணவனுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் மீதிச் சில்லறையாக ஒரு 1943 செம்புப் பென்னி வந்தது (அந்த வருடப் பென்னி இரும்பில் இருக்க வேண்டியது, விவரம் கீழே). கடைசி வரை அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். 2019இல் ஏலத்தில் அது 204,000 டாலருக்குப் போனது.

1955இன் இரட்டை அச்சுப் பென்னியும் தெருவில்தான் பரவியது. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் தவறான அச்சில் அடித்த காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன. பிரித்தெடுப்பதற்கு மொத்தக் குவியலையும் உருக்க வேண்டும் என்பதால் அப்படியே வெளியே விட்டார்கள். சுமார் 20,000 முதல் 24,000 வரை புழக்கத்துக்குப் போனதாக மதிப்பிடுகிறார்கள். அப்போது சிகரெட் பாக்கெட் 23 சென்ட். தானியங்கி இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால், மீதி இரண்டு பென்னி பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே வரும். அந்த வழியாக நிறையப் பேர் கைக்கு இந்தப் பிழைக் காசு போய்ச் சேர்ந்தது.

ஆனால் இவை விதிவிலக்கு. ஜாடியைக் கொட்டினால் பெரும்பாலும் கிடைப்பது பின்பக்கம் கோதுமைக் கதிர் பொறித்த நாலைந்து பழைய பென்னி, ஒன்றிரண்டு கனடா பென்னி, நிறைய அழுக்கு. இதை வருமானமாக நினைத்து இறங்குபவர்களுக்கு நான் சொல்வது: மணிக்கணக்கில் பார்த்தால் காபி கடை வேலையே லாபம்.

எந்த வருஷத்தையெல்லாம் எடுத்து வைக்கணும்? சுருக்கமா சொல்லுங்க அண்ணா.

தலைப் பக்கம் எழுத்தும் வருடமும் இரட்டையாக இருக்கும் பென்னிகள்: 1955, 1972, 1995. இவை மூன்றும், எந்த நாணயச்சாலை என்று காட்டும் எழுத்து வருடத்துக்குக் கீழே இல்லாத ஃபிலடெல்ஃபியா காசுகள். 1955 என்றால் தேய்ந்ததே ஆயிரம் டாலருக்கு மேல். 1972 சில நூறு. 1995 சாதாரணமாகச் சில பத்து டாலர்தான். ஆனால் இன்றைக்கும் சில்லறையில் கிடைக்கக்கூடியது என்றால் அதுதான். 1969 எஸ் (எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர்) இரட்டை அச்சு மிக அரிது, பல பத்தாயிரம் டாலர்.

1983இல் பின்பக்க எழுத்துகள் முழுக்க இரட்டை. 1984இல் லிங்கனின் காது மடலுக்குக் கீழே இன்னொரு மடல் தெரியும். 2009இல் லிங்கன் மரக்கட்டையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் படத்தில் விரல்கள் கூடுதலாகத் தெரியும் வகைகள் உண்டு. பிள்ளைகளுக்குப் பழக்கிவிட இது நல்ல காசு. அப்புறம் 1982, 1992, 1998 முதல் 2000 வரை; இவற்றுக்குத் தனிப் பதில் கீழே இருக்கிறது.

ரோல் எங்க வாங்கறது? பேங்க்ல கேட்டா ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்களா?

பார்ப்பார்கள், அதனால் ஒன்றும் இல்லை. காகிதத்தில் சுற்றிய ஒரு ரோலில் 50 பென்னி, விலை 50 சென்ட். ஒரு பெட்டியில் 50 ரோல், அதாவது 2,500 காசு, 25 டாலர். உங்களுக்குக் கணக்கு இருக்கும் கிளையில் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் கையால் சுற்றிக் கொண்டுவந்த ரோல் இருக்கிறதா என்று கேட்பது உத்தமம். இயந்திரம் சுற்றிய ரோலில் புதுக் காசுகள் அதிகம். கையால் சுற்றியதில் யாரோ ஒரு தாத்தாவின் ஜாடி இருக்கலாம்.

பார்த்து முடித்ததை வாங்கிய கிளையிலேயே திரும்பப் போடாதீர்கள். உங்கள் கழிவையே நீங்கள் மறுபடி வாங்க வேண்டி வரும், காசாளருக்கும் எரிச்சல். வாங்க ஒரு வங்கி, கொட்ட ஒரு வங்கி என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம்.

பென்னியே நிறுத்திட்டாங்களே, இனிமே தேடி என்ன பிரயோஜனம்?

புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை 2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அடித்தார்கள். 1793இல் தொடங்கிய வழக்கம். ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் செலவு என்று 2024 நிதியாண்டுக் கணக்கு சொன்னது, அதனால் நிறுத்தினார்கள். ஆனால் காசு செல்லாமல் போகவில்லை. ஏறக்குறைய 30,000 கோடிப் பென்னி வெளியே இருப்பதாகக் கருவூலத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. தேட வேண்டியது எல்லாம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது.

மாறியிருப்பது ரோல் கிடைக்கும் வழி. பல வங்கிக் கிளைகளில் முன்போலக் கேட்டவுடன் பெட்டி கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்து ஜாடிகளுக்கு மதிப்பு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒமேகா சின்னம் பொறித்த கடைசிப் பென்னி சில்லறையில் வருமா என்று கேட்கிறார்கள். வராது. அவை ஏலத்துக்கென்றே தனியாக அடித்தவை.

என்னென்ன வாங்கணும்? மைக்ராஸ்கோப் வேணுமா?

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம், நல்ல மேசை விளக்கு. இது போதும். கம்ப்யூட்டரில் செருகும் மைக்ராஸ்கோப்பைப் படம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது அதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு காசும் அதிசயமாகத் தெரியும். எனக்கு வரும் போட்டோக்களில் பாதி அந்த ரகம்தான்: இருநூறு மடங்கு பெரிதாக்கிய ஒரு கீறல், கீழே "இது என்ன விலை போகும்?" பத்து மடங்கில் தெரியாத பிழையை வாங்கவும் ஆள் இருக்காது.

வருஷம் ரெண்டு ரெண்டா தெரியுது! இது டபுள் டை தானே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பத்துக்கு ஒன்பது தடவை பதில் "இல்லை". ஏன் என்று புரிய, அச்சு எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும்.

காசு அடிக்கும் அச்சை ஒரு தாய் அச்சு கொண்டு அழுத்தி உருவாக்குகிறார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் படம் முழுதாக ஏறாது. உலோகத்தைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தம் இம்மி திரும்பியிருந்தால் போதும், எழுத்துகள் இரட்டையாக அச்சிலேயே பதிந்துவிடும். அதுதான் அசல் இரட்டை அச்சு. இப்படிப் பிறந்த இரட்டிப்பில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும், மொத்த எழுத்து கொஞ்சம் தடித்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு செய்யும் முறைக்கு மாறிவிட்டார்கள். அதனால்தான் புதிய காசுகளில் இரட்டிப்பு வந்தாலும் நடுப்பகுதியில், சின்னதாக வருகிறது.

இன்னொரு இரட்டிப்பு, காசு அடித்த கணத்தில் அச்சு ஆடி எழுத்தை உரசிவிடுவதால் வருவது. இதில் எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டு மாதிரி ஒரு தளம் தெரியும், எழுத்து மெலிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கிடைப்பது இதுதான், மதிப்பு ஒரு சென்ட். தேய்ந்துபோன அச்சில் அடித்தால் எழுத்தைச் சுற்றி மங்கலான நிழல் வரும். அதுவும் இதே கணக்கில்தான்.

அப்போ 1969 எஸ் காசுல எஸ்ஸும் ரெண்டா இருந்தா இன்னும் விலை ஜாஸ்தியா?

நேர் எதிர். அந்தக் காலத்தில் நாணயச்சாலை எழுத்தைத் தாய் அச்சில் வைக்கவில்லை. அச்சு தயாரான பிறகு கையால் தனியாக அடித்து ஏற்றினார்கள். ஆகவே அசல் 1969 எஸ் இரட்டை அச்சில் வருடமும் வாசகங்களும் இரட்டையாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும். எஸ்ஸும் சேர்ந்து இரட்டையாகத் தெரிந்தால், முந்தைய பதிலில் சொன்ன உரசல்தான் அது.

இந்தக் காசுக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. அதே சமயத்தில் இருவர் 1969 பென்னியைக் கள்ளத்தனமாக இரட்டை எழுத்தோடு செய்து புழக்கத்தில் விட்டார்கள். அதனால் கள்ளப் பணத்தைத் துரத்தும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் உண்மையான 1969 எஸ் காசுகளையும் கள்ளக் காசு என்று எண்ணிச் சிலவற்றைப் பறிமுதல் செய்தார்கள். பிறகுதான் அவை நாணயச்சாலையில் அடித்தவை என்று தெளிவானது.

எழுத்தைச் சுத்தி கொப்புளம் கொப்புளமா இருக்கு, இது என்ன எரர்?

1982க்குப் பிந்திய பென்னி உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பூச்சுக்கு அடியில் காற்று சிக்கினால் கொப்புளம், பூச்சு கிழிந்தால் வெள்ளைக் கோடு. நாணயச்சாலையில் வந்த குறைதான், ஆனால் அவ்வளவு மலிந்து கிடப்பதால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

1982 பென்னிக்கு ஏன் இவ்வளவு அலப்பறை?

செம்பு விலை ஏறியதால் அந்த ஒரே வருடத்தில் உலோகத்தை மாற்றினார்கள். வருடத் தொடக்கத்தில் அடித்தது 95 சதவீதம் செம்பு, 3.11 கிராம். பிறகு அடித்தது 97.5 சதவீதம் துத்தநாகம், 2.5 கிராம். கூடவே வருட எண்ணின் வடிவத்தையும் மாற்றினார்கள்: பெரிய எண், சிறிய எண். ஃபிலடெல்ஃபியா, டென்வர் இரண்டையும் சேர்த்தால் ஏழு வகை. இந்த ஏழும் சாதாரணக் காசுகள்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏழையும் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அலப்பறை எட்டாவது வகையால் வந்தது: டி எழுத்தும் சிறிய எண்ணும் இருந்து, செம்பாகவும் இருக்கும் காசு. அப்படி ஒன்று 2016இல்தான் முதன்முதலில் அகப்பட்டது. டென்வர் நாணயச்சாலையில் சிறிய எண் வந்தபோது துத்தநாகத்துக்கு மாறிவிட்டார்கள். மிச்சமிருந்த செம்பு வில்லை ஒன்று எப்படியோ உள்ளே போயிருக்கிறது. எண்ணைக் கண்டுபிடிக்க 2ஐப் பாருங்கள்: பெரிய எண்ணில் அதன் கழுத்து நேர்க்கோடாகச் சாயும், சிறிய எண்ணில் வளைந்து இறங்கும். டி, வளைந்த 2, தராசில் 3.1 கிராம், மூன்றும் ஒரே காசில் சேர்ந்தால் அதை ஒரு உறையில் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

இதே தர்க்கத்தில் 1983 பென்னி 3.1 கிராம் காட்டினாலும் அது பெரிய விஷயம். அதனால் 1983ஐத் தராசில் போடாமல் நான் விடுவதில்லை.

அமெரிக்கா-ங்கற வார்த்தையில ஏ-வும் எம்-மும் ஒட்டியிருக்கு. அதான் அந்த காசா?

எந்த வருடம் என்பதைப் பொறுத்தது. 1993 முதல் புழக்கத்துக்கு அடித்த காசில் ஏ, எம் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கும், அதுதான் வழக்கம். அதற்கு முந்தியவற்றில் நடுவில் தெளிவான இடைவெளி. சேகரிப்பாளர்களுக்கென்று பளபளப்பாக அடிக்கும் காசின் அச்சில் இடைவெளி அகலம்.

தப்பான அச்சு தப்பான வருடத்தில் மாட்டியதுதான் பிழை. 1992இலும் 1992 டி-யிலும் எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது அரிது. மறுவருட அச்சு முன்கூட்டியே உள்ளே போய்விட்டது. 1998, 1999, 2000 காசுகளில் இடைவெளி அகலமாக இருந்தால், சேகரிப்பாளர் காசின் அச்சு புழக்கக் காசில் மாட்டியிருக்கிறது. இந்த மூன்றில் 1999 அபூர்வம், மற்ற இரண்டும் கிடைக்கக்கூடியவை. சந்தேகமாக இருந்தால் பின்பக்கத்தில் இருக்கும் லிங்கன் நினைவுமண்டபத்தின் வலது கீழ்ப்பக்கம் எஃப்-ஜி என்ற சிற்பியின் முதலெழுத்துகளைப் பாருங்கள். அகல வகையில் அவை கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஒட்டிய வகையில் தள்ளி இருக்கும்.

எங்ககிட்ட 1943 வெள்ளைப் பென்னி இருக்கு. லட்சக்கணக்கில போகுமாமே?

போகாது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் துத்தநாகம் பூசிய இரும்பில் பென்னி அடித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் 68 கோடிக்கு மேல். வெள்ளையாக இருப்பதுதான் அந்த வருடத்து இயல்பு. தேய்ந்த ஒன்றுக்குச் சில பத்து சென்ட் கிடைக்கும்.

லட்சத்துக்குப் போவது செம்பு 1943. முந்தைய வருடத்துச் செம்பு வில்லைகள் சில பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்து அச்சுக்குள் போனதால் பிறந்தவை. டென்வரில் அடித்த ஒன்று 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஹென்றி ஃபோர்டு இந்தக் காசுக்குப் புதுக் கார் தருகிறார் என்ற வதந்தி அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பரவியதாம். கார் யாருக்கும் வந்த மாதிரி தெரியவில்லை. உங்கள் 1943 செம்பு நிறமாக இருந்தால் முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பின்மேல் செம்பு முலாம், ஆசைகாட்டச் செய்தது. ஒட்டாவிட்டால் லென்ஸில் 3 என்ற எண்ணைப் பாருங்கள். 1948இன் 8ஐப் பாதி சுரண்டி 3 ஆக்கிய போலிகள் உண்டு. இரண்டும் தாண்டினால் எடை, அது 3.11 கிராமை ஒட்டி வர வேண்டும். மறுவருடம் தலைகீழ்க் கதை: 1944இல் இரும்புப் பென்னி அரிது.

வருஷத்துக்குக் கீழ எழுத்தே இல்ல. விட்டுப்போச்சா?

ஃபிலடெல்ஃபியா பென்னியில் எழுத்து இருக்காது. ஒரே விதிவிலக்கு 2017. நாணயச்சாலையின் 225ஆவது ஆண்டுக்காக அந்த வருடம் மட்டும் பி போட்டார்கள். எழுத்து இல்லாதது உண்மையில் பிழையாவது 1922இல்: அந்த வருடம் டென்வர் மட்டும்தான் பென்னி அடித்தது, ஆகவே டி இல்லாத 1922 என்பது அச்சு மழுங்கிப் போனதன் விளைவு. அதிலும் டி-யைச் சுரண்டிய போலிகள் ஏராளம்.

எஸ் போட்ட காசு 1974 வரை புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிந்திய எஸ் உங்கள் சில்லறையில் இருந்தால், யாரோ சேகரிப்புப் பெட்டியை உடைத்துச் செலவழித்திருக்கிறார்கள்.

வெள்ளி கலர்ல, தங்க கலர்ல பென்னி வருதே, அது?

பெரும்பாலும் பள்ளி வேதியியல் வகுப்பு. செம்புப் பென்னியின்மேல் துத்தநாகம் ஏற்றினால் வெள்ளி நிறம், அதைச் சூடாக்கினால் பித்தளையாகி மஞ்சள் நிறம். ஆசிரியர்களுக்குப் பிடித்த சோதனை அது.

பூச்சு ஏறாமலே அடித்த துத்தநாகப் பென்னி என்ற அசல் பிழையும் உண்டு. ஆனால் அமிலத்தில் போட்டுச் செம்பைக் கரைத்தும் அதே மாதிரி ஆக்கலாம் என்பதால், நிபுணர் சொல்லாமல் யாரும் நம்ப மாட்டார்கள். 1974 என்று போட்டு, மிக லேசாக இருந்தால் மட்டும் கதை வேறு: அந்த வருட எண்ணோடு சோதனைக்கு அலுமினியத்தில் பென்னி அடித்தார்கள், அது வெளியிடப்படவே இல்லை. அரசு அதைத் தன் சொத்து என்கிறது. டென்வரில் அடித்த ஒன்றை விற்கப் போய், வழக்காகி, 2016இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஓரத்துல ஒரு கடி கடிச்ச மாதிரி இருக்கு. எரரா, யாராவது வெட்டினதா?

கடிக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பாருங்கள். வில்லையிலேயே வெட்டு இருந்திருந்தால், விளிம்பு எழுப்பும்போது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைந்து அங்கே விளிம்பு மங்கியிருக்கும். எதிர்ப்பக்கம் திடமாக நின்றால் பிறகு யாரோ வெட்டியது. வெட்டுக்குப் பக்கத்து எழுத்துகள் வெட்டை நோக்கி இழுபட்ட மாதிரி இருப்பதும் அசலுக்கு அடையாளம்.

படம் நகர்ந்து விழுந்த பென்னி என்றால், எவ்வளவு நகர்ந்தது, வருடம் தெரிகிறதா என்ற இரண்டும்தான் விலையைத் தீர்மானிக்கும். பாதி நகர்ந்து, வருடமும் முழுசாகத் தெரிந்தால் நல்ல காசு.

கறுப்பா இருக்கு, புளி போட்டு தேய்ச்சுப் பார்க்கட்டுமா?

வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்குக் கூடாது. தேய்த்த பென்னி இயற்கையான மேற்பரப்பை இழந்து ஒரு செயற்கைச் சிவப்புக்கு வரும். எந்த வியாபாரியும் பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார், விலை பாதிக்கும் கீழே போகும். வினிகர், எலுமிச்சை, பற்பசைக்கும் இதே பதில். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், நடுவில் விரல் படவேண்டாம்.

ஈபேயில இதே காசு 5,000 டாலர்னு போட்டிருக்கே மாமா!

யார் வேண்டுமானாலும் எந்த விலையும் போடலாம். விற்று முடிந்தவை என்று வடிகட்டும் வசதி அங்கேயே இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். ஐயாயிரம் என்றது பல சமயம் மூன்று டாலருக்குக் கூடப் போயிருக்காது. விற்ற காசும் உங்கள் காசும் ஒரே தரமா என்பதையும் பார்க்க வேண்டும். புத்தம்புது சிவப்புப் பென்னியின் விலையை, பழுப்பேறித் தேய்ந்த காசுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

பிரிக்காத பழைய ரோல்னு ஒருத்தர் விக்கிறார், முனையில கோதுமைப் பென்னி தெரியுது. வாங்கலாமா?

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ரோலின் இரு முனையிலும் நல்ல காசை வைத்து, நடுவில் சாதாரணக் காசை நிரப்பிச் சுற்ற ஐந்து நிமிடம் போதும். 50 சென்ட் ரோலுக்கு 30 டாலர் கேட்கிறவர் அதைப் பிரித்துப் பார்க்காமலா வைத்திருப்பார்? வங்கியில் முகமதிப்புக்குக் கிடைப்பதை மட்டும் தேடுங்கள். நஷ்டமே வராத பொழுதுபோக்கு இது. அந்தச் சிறப்பை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சான்றிதழ் வாங்கி பெட்டியில அடைச்சுத் தர்றாங்களே, எல்லாத்தையும் அனுப்பலாமா?

பிசிஜிஎஸ், என்ஜிசி, ஏஎன்ஏசிஎஸ் என்று சில நிறுவனங்கள் காசு அசல்தானா என்று பார்த்து, 1 முதல் 70 வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஒரு காசுக்கே சில பத்து டாலர் ஆகிவிடும். 20 டாலர் பென்னிக்கு அது வீண். முன்பு சொன்ன பட்டியலில் நூறுகளில் விலை போகும் காசு என்று உறுதியாகத் தோன்றினால் மட்டும் அனுப்புங்கள். 1943 செம்பு, 1969 எஸ் போன்றவற்றைச் சான்று இல்லாமல் யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

பழைய செம்புப் பென்னியா சேர்த்து உருக்கி வித்தா லாபமாமே? ஊருக்கு எடுத்துட்டுப் போய் செஞ்சா?

செம்பின் மதிப்பு முகமதிப்பைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் 2006 டிசம்பரிலிருந்து பென்னியையும் நிக்கலையும் (5 சென்ட் காசு) உருக்குவது சட்டவிரோதம். 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. "ஊருக்குக் கொண்டுபோய்" என்ற யோசனையும் அரசுக்கு வந்திருக்கிறது. பயணி சாதாரணமாக 5 டாலர் மதிப்புள்ள இந்தக் காசுகளைத்தான் வெளியே எடுத்துச் செல்லலாம். சேகரிப்புக்குத்தான் என்பது தெளிவாக இருந்தால் 25 டாலர் வரை. பெட்டி பெட்டியாக மீனம்பாக்கத்தில் இறக்குகிற திட்டம் வேண்டாம்.

ஊர்ல அப்பா பீரோவுல ஒரு டப்பா பென்னி இருக்கு. அங்கேயே யாராவது வாங்குவாங்களா?

பணம் மாற்றும் கடைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நோட்டைத்தான் எடுப்பார்கள், சில்லறையைத் தொட மாட்டார்கள். 1970கள், 80களில் அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள் வீட்டு டப்பா என்றால் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அந்தக் காசுகள் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அப்பாவிடம் 1969 எஸ், 1972, 1982, 1983 மட்டும் எடுத்து இருபக்கமும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய காசை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது போனில் சொன்னால் துண்டித்துவிடச் சொல்லுங்கள். சிலர் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

பார்த்து முடிச்ச மூட்டையை என்ன பண்றது?

கணக்கு இருக்கும் வங்கியில் எண்ணும் இயந்திரம் இருந்தால் அதில் கொட்டுங்கள், பெரும்பாலும் இலவசம். கடைகளில் இருக்கும் இயந்திரங்கள் ரொக்கமாகக் கேட்டால் கழிவு பிடிக்கும். பரிசு அட்டையாக வாங்கினால் பிடிப்பதில்லை. கொட்டும்முன் அந்த இயந்திரத்தின் திருப்பித் தள்ளும் தட்டில் கைவிட்டுப் பாருங்கள். எடையோ உலோகமோ ஒத்துவராத காசைத்தான் அது துப்பும், முன்னால் வந்தவர் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுப் போயிருப்பார். 1943 இரும்புப் பென்னிகள் எனக்கு அங்கேதான் கிடைத்திருக்கின்றன.